ஜன்னல் பக்கத்துக் குரல்

அக்கா: ...இப்ப மவுசைத் தொட்ட. கிளிக் சத்தம் கேட்டுது.

தம்பி: தொடலையே.

அக்கா: டேய்.

தம்பி: சும்மா தொட்டுப் பாத்தேன்கா. வேலை செய்யுதான்னு.

அக்கா: இந்த வீட்டுல அதுக்கு வேலை கிடையாது. எடுத்து டிராயர்ல போடு. எல்லாத்தையும் கீபோர்டுலயே பண்ணு. நீ போனப்புறம் நான் அப்படித்தானே பண்ணப் போறேன்.

தம்பி: அது இன்னும் முடிவாகல. பந்தயம் ஞாபகம் இருக்கா?

அக்கா: எப்படி மறக்கும்? அதைச் சொல்லித்தானே போன்ல காதைத் தின்ன. எதுக்கும் இன்னொரு தடவை உன் வாயாலயே சொல்லிடு. பின்னால பேச்சு மாறக் கூடாது.

தம்பி: சாயங்காலம் பஸ் கிளம்பறதுக்குள்ள இந்தப் புதுக் கம்ப்யூட்டர் பேசணும். மானிட்டர் இல்லாம. பக்கத்துல கண்ணு தெரிஞ்ச ஆள் யாரும் ஒத்தாசை பண்ணாம. நீ பட்டனை அமுக்கணும், அது தானா வாயைத் திறக்கணும். திறந்தா நீ இந்த வீட்டுலயே இரு, நான் இனிமே அந்தப் பேச்சையே எடுக்கல. திறக்கலைன்னா...

அக்கா: திறக்கலைன்னா?

தம்பி: பெட்டியைக் கட்டிக்கிட்டு என்னோட கிளம்பற. ரெண்டு டிக்கெட் போட்டாச்சு.

அக்கா: ரெண்டா... ஆசை யாரை விட்டுது. எதிராளியும் நீ, நடுவரும் நீ, மெக்கானிக்கும் நீ. இப்படி ஒரு பந்தயத்தை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

தம்பி: வேற ஆளைக் கூப்பிட்டிருக்க வேண்டியதுதானே.

அக்கா: கூப்பிட்டேன். வித்த கடைக்காரரே வந்து லினக்ஸ் சாப்ட்வேரை ஏத்திக் குடுத்தார். 'எல்லாம் முடிஞ்சுதும்மா, பாருங்க, ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியுது'ன்னார்.

தம்பி: ஐயோ... நீ என்ன சொன்ன?

அக்கா: ரொம்ப சந்தோஷம்னேன். தன்னோட மானிட்டரைத் தூக்கிட்டுப் படி இறங்கிட்டார். பாதிப் படியில காலடிச் சத்தம் நின்னுது. திரும்பி ஏறி வந்து மன்னிப்புக் கேட்டார் பாவம். பேச வைக்கத் தெரியுமான்னு கேட்டேன், யார்கிட்டயாவது விசாரிச்சுச் சொல்றேன்னு போனவர்தான், அப்புறம் வரவே இல்ல.

தம்பி: சரி, இப்பக் கேளு. உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்க.

கம்ப்யூட்டர்: வணக்கம். தங்கள் கணினிக்கு நல்வரவு. தொடர்வதற்கு ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும்.

தம்பி: எப்படி? புதுசா வந்திருக்கற குரல். அசல் மனுஷங்க பேசற மாதிரியே இல்ல? இதைத் தேடிப் பிடிச்சு, தமிழுக்குப் பழக்கி, போதும் போதும்னு ஆயிடுச்சு.

அக்கா: ம்... நல்லா இருக்கு.

தம்பி: அந்த 'ம்' எனக்குத் தெரியும்.

அக்கா: நல்லாத்தான்டா இருக்கு. நகைக்கடை விளம்பரத்துல வர்ற பொண்ணு மாதிரி, அவ்வளவு பதவிசு. கொஞ்சம் வேகத்தைக் கூட்டு.

தம்பி: இவ்வளவு போதுமா?

அக்கா: இன்னும். இன்னும்... நான் வேலை பாக்கற வேகத்துக்கு வை.

கம்ப்யூட்டர்: தங்கள்கணிக்குநல்வதொடர்தேனும்ஒருவிசயழு...

அக்கா: பாத்தியா, களி மாதிரிக் குழையறா. நான் ஒரு நாவலை மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள நாலு தடவை முழுசாக் கேட்டுத் திருத்தணும். இவ நிதானத்துக்கு அடுத்த ஜென்மத்துலதான் புஸ்தகம் வரும்.

தம்பி: அவ்வளவு மெனக்கெட்டு...

அக்கா: மூஞ்சியைத் தூக்காத. லீவு நாள்ல இவளைக் கவிதை படிக்கச் சொல்லிக் கேக்கறேன். வேலைக்கு எனக்குச் சளிக்காரர்தான் வேணும்.

தம்பி: யாரு... சளிக்காரரா? அந்த மனுஷன் இன்னும் இருக்காரா?

அக்கா: லினக்ஸோட கூடவே வர்றவர்டா. இவளுக்கு இடம் குடுக்க நீதான் அவரைப் பின்னால தள்ளி உக்கார வச்சிருப்ப. குரல் பட்டியல்ல தேடு.

தம்பி: இரு... இதுல இல்ல... கீழே... ஆமா, இங்க இருக்கார். தமிழ்... சரின்னு குடுக்கறேன்...

சளிக்காரர்: வனக்கம். சோதனை. ஒன்ரு. இரண்டு. மூன்ரு.

அக்கா: ...வாங்க ஐயா. சௌக்கியமா?

தம்பி: மூக்கு இன்னும் அடைச்சுத்தான்கா இருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கலையே இவர்.

அக்கா: பேர் வச்சதே நீதானே. அப்பா பழைய கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து இதே மேஜைல வச்சார். அது முதல் வார்த்தை பேசின உடனே நீ ஓடிப் போய் அம்மாகிட்ட 'ரூம்ல ஒருத்தருக்கு ஜலதோஷம்'னு சொன்ன.

தம்பி: தப்பாவா சொன்னேன்? நாவல் பூரா அவர்தானே படிச்சார். பனி, ரயிலு, தூரத்துல குதிரை வண்டி... வெளிநாட்டுல எல்லாருமே மூக்கடைச்சுத்தான் பேசுவாங்கன்னு ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன். அங்கதான் குளிராச்சே, சளி பிடிக்காம என்ன பண்ணும்னு காரணமும் நானே கண்டுபிடிச்சேன்.

அக்கா: முதல் முதல்ல ஒரு வெளிநாட்டுக்காரரை நேர்ல பாத்தப்ப என்ன கேட்ட?

தம்பி: அது எதுக்கு இப்ப.

அக்கா: சொல்லு.

தம்பி: ...'உங்களுக்குச் சரியாயிடுச்சா'ன்னு கேட்டேன்.

அக்கா: அவர் மிரண்டே போயிட்டார்னு அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

தம்பி: அந்தக் கப்பல் கதை ஞாபகம் இருக்கா உனக்கு? பனிக்கடல்ல மாட்டிக்கிட்டு மாசக்கணக்கா நகராம நிக்குமே. சமையல்காரன் கடைசி உருளைக்கிழங்கைச் சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பான்.

அக்கா: திங்க இல்ல. நட்டு வைக்க.

தம்பி: ஆமா, நட்டு வைக்க. பனிக்கட்டி மேல எங்கடா நடுவன்னு கேப்டன் கேப்பார். அதைச் சளிக்காரர் எந்த ஏத்த இறக்கமும் இல்லாம, மளிகைச் சாமான் லிஸ்ட் மாதிரிப் படிச்சார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

அக்கா: அதான்டா அவரோட அழகு. அவர் அழ மாட்டார். அழுகையை நமக்கு விட்டுடுவார். இந்தப் புதுப் பொண்ணு நமக்கு முன்னாடி அவளே அழுதுடுவா.

தம்பி: அப்புறம் நாம அவரை விரட்டின வேகம். கடைசிப் புள்ளி வரைக்கும் கூட்டி வச்சுடுவ. உனக்கும் எனக்கும் தவிர ஒருத்தருக்கும் புரியாது.

அக்கா: உனக்குப் புரிஞ்சதுதான் அதிசயம். எனக்கு வேற வழி இல்ல, பழகிட்டேன். நீ எதுக்குப் பழகின?

தம்பி: நீ கேட்டுச் சிரிப்ப. எதுக்குச் சிரிக்கறன்னு தெரிய வேண்டாமா?

அக்கா: கணக்குல ஃபெயிலானதை எனக்கு எப்படிச் சொன்ன?

தம்பி: டைப் பண்ணி அவரைச் சொல்ல வச்சேன். முழு வேகத்துல. வாயால சொல்ல வரல.

அக்கா: அம்மா சமையலறைலேர்ந்து கத்தினாங்க, 'ரேடியோ இரையுது, அணைங்கடா'ன்னு.

தம்பி: பெத்த பிள்ளை ஃபெயிலான சேதி அது. அம்மா பாட்டுக்குப் பாத்திரம் தேச்சாங்க.

அக்கா: அதுக்கப்புறம் சொல்ல முடியாததெல்லாம் அவர் வழியாத்தான். கண்ணாடி உடைஞ்சது, சைக்கிள் தொலைஞ்சது... அந்தப் பொண்ணு உன்னைப் பாத்துச் சிரிச்சது.

தம்பி: அது என் பின்னால நின்ன அவ சொந்தத் தம்பியைப் பாத்துச் சிரிச்சதுன்னு அப்புறம் தெரிஞ்சுது.

அக்கா: அதையும் அவரைத்தான் சொல்ல வச்ச. பாவம், மனுஷனுக்கு எத்தனை பாரம். சரி, பழங்கதை போதும். கம்ப்யூட்டரை அணைச்சுட்டுத் திரும்பப் போடு.

தம்பி: எதுக்கு? அதான் பேசுதே.

அக்கா: முழிச்சிருக்கறப்ப எல்லாரும்தான் பேசுவாங்க. தூங்கி எந்திரிச்ச உடனே பேசறாரான்னு பாக்கணும்.

தம்பி: அணைச்சாச்சு... போடறேன்...

அக்கா: பெட்டிக்குள்ள விசிறி ஓடுது... நிதானமாயிடுச்சு. எந்திரிச்சாச்சு. ஏன் பேச்சைக் காணோம்?

தம்பி: பாஸ்வேர்ட் கேக்குது. அதைப் போட்டு உள்ள போனாத்தான் பேசுவார்.

அக்கா: பாஸ்வேர்ட் கேக்குதுன்னு எனக்கு யார் சொல்றது?

தம்பி: ...ஆமால்ல.

அக்கா: வீடு பூரா விளக்கைப் போட்டுட்டு வாசலை இருட்டா விட்டிருக்க. நல்ல எலக்ட்ரீஷியன்டா நீ.

தம்பி: அது வேற செட்டிங்க்கா. வாசலுக்குத் தனியாச் சொல்லணும். இது நிஜமாவே தோணல. இரு, மாத்தறேன்.

அக்கா: 'இது நிஜமாவே'ன்னா? வேற எது பொய்யி?

தம்பி: வார்த்தைக்கு வார்த்தை பிடிக்காத. வேலை பாக்க விடு.

அக்கா: பாரு, பாரு.

தம்பி: ...அக்கா.

அக்கா: சொல்லு.

தம்பி: அங்க வந்தா உனக்கு ஒரு குறையும் இருக்காது. லிஃப்டே எந்த மாடின்னு சொல்லும். கீழயே மருந்துக்கடை. ஹால் எவ்வளவு பெருசு தெரியுமா?

அக்கா: எவ்வளவு பெருசு?

தம்பி: நல்லாப் பெருசு. உன் புஸ்தகம், மேஜை எல்லாம் வச்சாலும் இடம் மிஞ்சும்.

அக்கா: இங்க படி இறங்கினா தையல் மிஷின் சத்தம். அது நின்ன இடத்துல பேக்கரி வாசனை. அது முடியற இடத்துல பஸ் ஸ்டாப். பேக்கரிக்காரர் பிரெட்டை வெட்டிக் கொண்டாந்து கதவுல மாட்டிட்டுப் போவார். நான் குச்சியே இல்லாம நடக்கற தெரு உலகத்துல இது ஒண்ணுதான்டா. இதை விட்டுட்டு உன் லிஃப்ட் பேசறதைக் கேக்க வரணுமா?

தம்பி: தனியா எத்தனை நாளைக்கு...

அக்கா: உன் வீட்டுக்காரி என்ன சொல்றா? நான் வந்து அங்க உக்காந்துக்கறதுல அவளுக்கு இஷ்டமா?

தம்பி: அவளா... அவ ஒண்ணும் சொல்ல மாட்டா.

அக்கா: ம்.

தம்பி: என்ன 'ம்'?

அக்கா: சும்மாதான். நீ லேப்டாப்பைத் திறந்தா எங்க இருந்தாலும் ஆபீஸ்தானே. அப்படின்னா நீ இங்க வர வேண்டியதுதானே.

தம்பி: பேச்சை மாத்தாத. பந்தயம் அதில்ல. ...ஆச்சு, வாசல்லயும் விளக்குப் போட்டாச்சு. கேளு.

சளிக்காரர்: கடவுச்சொல். எழுதும் பெட்டி.

அக்கா: அப்படி வா வழிக்கு. நானே போட்டுக்கறேன், தள்ளு.

சளிக்காரர்: முகப்பு. கோப்புகள். பத்து உருப்படிகள்.

தம்பி: அவ்வளவுதான். இப்ப நான் கொண்டு வந்த மானிட்டரைக் கழட்டறேன். அப்புறம் நீ பட்டனை அமுக்கு. பேசினா நீ ஜெயிச்ச.

அக்கா: கேபிள்ல கை வைக்காத. கழட்டறதுக்கு முன்னால ஒரு கேள்வி. சளிக்காரர் எங்க உக்காந்திருக்கார்?

தம்பி: எங்கன்னா? கம்ப்யூட்டருக்குள்ள.

அக்கா: கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழ இருக்கு. ஸ்பீக்கர் ரெண்டும் என் வலது கை பக்கம். குரல் ஜன்னல் பக்கத்துலேர்ந்து வருது. ஜன்னல் பக்கம் என்ன வச்சிருக்க?

தம்பி: ...ஸ்டூல்.

அக்கா: ஸ்டூல் மேல?

தம்பி: மானிட்டர்.

அக்கா: மானிட்டருக்குள்ளயும் குட்டியா ஸ்பீக்கர் உண்டோ?

தம்பி: சிலதுல... இருக்கும்.

அக்கா: கேபிளைக் கழட்டினா?

தம்பி: குரலும் போயிடும்.

அக்கா: அதாவது சளிக்காரர் உன் பைக்குள்ள ஏறி உன்னோடயே பஸ் பிடிச்சுடுவார். நான் ஊமைப் பெட்டி முன்னால உக்காந்துக்கிட்டு, 'தோத்துட்டேன்டா தம்பி, பெட்டியை எடு'ன்னு சொல்லணும்.

தம்பி: படமும் சத்தமும் ஒரே கேபிள்லதானே போகுது. அதுவா அந்த வழியை எடுத்துக்கிச்சு. சில நேரம் அப்படி...

அக்கா: சில நேரம். கண்ணு தெரிஞ்ச வேற யார் பண்ணியிருந்தாலும் இது தெரியாமச் செஞ்ச தப்பு. படம் இருக்கற இடத்துலேர்ந்துதான் சத்தமும் வரும்னு விட்டுடுவாங்க. நீ என்னோட ஒரே ரூம்ல வளந்தவன். குரல் எந்த மூலைலேர்ந்து வருதுன்னு உனக்குத் தெரியாதா?

தம்பி: காலையிலயே தெரிஞ்சுது.

அக்கா: மாத்தல.

தம்பி: மாத்தல.

அக்கா: எனக்கும் காலையிலயே தெரிஞ்சுது. நீயாச் சொல்லுவியான்னு பாத்தேன்.

தம்பி: கோவமா?

அக்கா: இல்லடா. நீ சின்ன வயசுல சீட்டாட்டத்துல ஏமாத்தினப்பக் கூட அப்புறம் நீயே வந்து சொல்லிடுவ. அதான்... ஏன்னு யோசிக்கறேன்.

தம்பி: உனக்காகத்தான். உனக்கு ஒரு துணை வேணும்னு...

அக்கா: சரி. முதல்ல அவரை ஜன்னல்லேர்ந்து இறக்கு. சத்தத்துக்கான செட்டிங்ஸ் திற. வெளியே போற வழின்னு இருக்கும், அதுல மானிட்டரை விட்டுட்டு ஸ்பீக்கரை எடு. மானிட்டர் வழியை மொத்தமா அடைச்சுடு, மறுபடி அந்தப் பக்கம் போகாது.

தம்பி: உனக்கே எல்லாம் தெரியுதே. அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்ட?

அக்கா: மானிட்டரைத் தூக்கிட்டு வர ஆள் வேண்டாமா?

தம்பி: மானிட்டரே வேண்டாம்கற வீட்டுக்கு எதுக்கு மானிட்டர்?

அக்கா: வாயைக் குறைச்சு கையை ஓட்டு.

தம்பி: ...மாத்தியாச்சு. கழட்டியாச்சு. இந்தா, கேபிள் முனையைத் தொட்டுப் பாத்துக்க, அப்புறம் அதுலயும் சந்தேகப்படுவ. இப்ப பட்டனை அமுக்கு.

அக்கா: அமுக்கிட்டேன். ...பேசாத. மூச்சைக் கூட மெதுவா விடு.

தம்பி: ...

அக்கா: ...

சளிக்காரர்: கடவுச்சொல். எழுதும் பெட்டி.

அக்கா: வலது கை பக்கம். இங்க, என் பக்கத்துல.

தம்பி: ம். ஜெயிச்சுட்ட.

அக்கா: ஜெயிச்சுட்டேன்.

தம்பி: வாழ்த்துக்கள். நான் கிளம்பறேன்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேரமாகும்.

அக்கா: ஜெயிச்ச வீட்டுல ஒரு வாய் டீ குடிக்காம போவியா. உக்காரு.

தம்பி: இல்ல, இப்பக் கிளம்பினாத்தான்...

அக்கா: பையோட ஜிப்பை மூடற, திறக்கற, மறுபடி மூடற. இதோட எத்தனாவது தடவை? கிளம்பற ஆள் அப்படிப் பண்ண மாட்டான்.

தம்பி: சார்ஜரைத் தேடறேன்.

அக்கா: குரல் சரியில்ல உனக்கு.

தம்பி: சளி. சளிக்காரரோட இருந்தா ஒட்டிக்காதா?

அக்கா: கீபோர்டு இந்தா.

தம்பி: எதுக்கு?

அக்கா: வேகத்தைக் கடைசிப் புள்ளிக்கு வச்சிருக்கேன். சொல்ல வராததை அவர்கிட்ட குடு.

தம்பி: சின்னப் பசங்களா நாம?

அக்கா: அம்மா கூட இல்ல இப்ப, ரேடியோவை அணைன்னு சொல்றதுக்கு. அடி.

தம்பி: மானிட்டரைக் கழட்டியாச்சே, நான் எப்படி...

அக்கா: அந்தக் காலத்துல கண்ணை மூடிக்கிட்டு அடிப்ப. நானும் அப்படித்தானே அடிக்கறேன்னு பெருமை வேற. அடி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.

தம்பி: நீ திரும்பினா என்ன, திரும்பாட்டி என்ன.

அக்கா: ஒரு மரியாதைக்கு.

தம்பி: ...

அக்கா: நிறுத்தி நிறுத்தி அடிக்கற. அழிக்காத. அடிச்சதை அப்படியே விடு.

தம்பி: ...ம். முடிஞ்சுது.

சளிக்காரர்: அக்காஎன்வீட்டுலயாருமில்ல அவபோய்ட்டா சாமானெல்லாம்எடுத்துக்கிட்டுப்போய்ட்டா சண்டையில்லஒண்ணுமில்ல ரெண்டுபேருக்கும்பேசஎதுவுமில்லாமப்போச்சு உனக்குத்துணைன்னுசொன்னதுபொய் எனக்குத்தான்வேணும் தனியாஅந்தக்கதவைத்திறக்கப்பயமாஇருக்கு.

தம்பி: புரிஞ்சுதா? வேகம் கூடிப் போச்சா?

அக்கா: புரிஞ்சுது.

தம்பி: உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். எப்படிச் சொல்றதுன்னு... நீ ஒண்ணும் சொல்லாத, சரியா? டிக்கெட் ஒண்ணை ரத்து பண்ணிட்டுக் கிளம்பறேன்.

அக்கா: ரெண்டையும் பண்ணு. ரெண்டு மாசத்துக்கு முன்னால நீ போன் பண்ணினப்பவே உன் ஹால் எதிரொலிச்சுதுடா. சோபாவும் அலமாரியும் போன வீடுதான் அப்படிக் கேக்கும், நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கேடும் இல்ல, உன்னை வரவழைக்கத்தான் இதை வாங்கினேன். பின் ரூமைக் கழுவி, கட்டிலைப் போட்டு, புதுப் போர்வை வரைக்கும் வாங்கி வச்சாச்சு... என்ன நிறம்னு எனக்குத் தெரியாது, பிடிக்கலைன்னா வாயை மூடிக்கிட்டுப் போத்திக்க.